ஈரக்கூந்தல்காரியின் கடைசிப் பக்கம்

அந்தச் சலூனில் முடியைத் தூக்கிப் பிடிக்கச் சீப்பு தேவைப்பட்டதே இல்லை. முடி தானாக எழுந்து நிற்கும். சலூன்காரர் வெட்டிக்கொண்டே போவார்.

இதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. ஆளை நாற்காலியில் உட்காரவைப்பார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டுவார். துணிக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்துவிட்டு, அந்தக் கைகளில் ஒரு பழைய 'கருக்கல்' புத்தகத்தைக் கொடுப்பார். அதோடு சரி. 'கருக்கல்' என்பது ஒரு காலத்தில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த பேய்ச் சித்திரக்கதைப் புத்தகம். சாணித்தாளில், கறுப்பும் சிவப்புமாக இரண்டே மையில் அச்சடித்தது. கதை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளரின் பிடரி மயிர் லேசாக அசையும். பிறகு காதோரம் எழும்பும். நடுப்பக்கத்தைத் திருப்பும்போது தலை முழுவதும் அறுவடைக்கு நிற்கும் வயல்போல் நிற்கும். கத்தரிக்கு வேறென்ன வேண்டும்?

எந்தத் தலைக்கு எந்தக் கதை என்பதில்தான் அவருடைய கைவண்ணம் இருந்தது. கோரை முடிக்குத் தலையில்லாத ரயில்வே காவலாளி கதை போதும். எண்ணெயில் ஊறிப் படிந்த முடிக்கு ஆறுவிரல் பியானோக்காரன் வரவேண்டும். வழுக்கை விழத் தொடங்கியவர்களுக்கு ஏதாவது சாதுவான பேயாகப் பார்த்துக் கொடுப்பார். மிச்சமிருப்பதையும் பயமுறுத்தி விரட்டிவிட்டால் பாவம் யாருக்கு?

ஒரே ஒரு தொல்லை, கடைசிப் பக்கம். ஆரம்ப நாட்களில் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்து "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான், நின்ற முடியெல்லாம் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும். இப்படித்தான் ஒரு தலைமையாசிரியர் பின்மண்டையில் படிக்கட்டோடு பள்ளிக்கூடம் போகவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சலூன்காரர், எந்தப் புத்தகத்தையும் வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதன் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். கிழித்த தாள் வீணாவதில்லை. சவரம் செய்யும்போது கத்தியில் சேரும் நுரையை வழித்துத் துடைக்க ஒரு தாள் வேண்டுமே, அதற்கு ஆயிற்று.

அந்தப் பக்கத்தை அவர் ஒருமுறைகூடப் படித்ததில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கிழிப்பார். தமக்கும் கதை முடிந்துவிடக் கூடாது என்பது அவருடைய ஆசை. ஆக, கிழித்த கதைகளில் ஒன்றின் முடிவும் அந்தத் தெருவில் தலையுள்ள எவருக்கும் தெரியாது. முடிவைக் கேட்பவர்களிடம், அடுத்த தடவை வாருங்கள் சொல்கிறேன் என்பார். வருவார்கள். வேறு புத்தகத்தைக் கொடுப்பார்.

கதைகளை வரைந்தவரின் பெயர் எங்கேயும் போட்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு கதையிலும் ஏதாவது ஒரு மூலையில் சின்னப் பல்லி ஒன்று இருக்கும். சுவரில் இருக்கும், கல்லறை மேல் இருக்கும், ஒரு தடவை பேயின் தோளிலேயே உட்கார்ந்திருந்தது. அதுதான் கையெழுத்து. அதனால் சலூன்காரர் அவரைப் பல்லியார் என்றே சொல்வார். அந்தப் பெயரைச் சொல்லும்போது கத்தரியைக் கீழே வைத்துவிடுவார்.

பல்லியார் முதல் பக்கத்திலேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்துகிற அவசரக்காரர் இல்லை. முதல் கட்டத்தில் மேசைமேல் ஒரு தண்ணீர்க் கோப்பையை வரைவார். அடுத்த கட்டத்தில் அதே மேசை, அதே கோப்பை. தண்ணீர் மட்டும் லேசாக அலம்பியிருக்கும். அதற்கடுத்த கட்டத்திலும் அதேதான். ஆனால் தண்ணீருக்குள் ஒரு முகம் தெரியும், அந்த அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு வார்த்தை எழுதியிருக்காது. இதைக் காட்டி, இந்த மனுஷன் கோப்பையை வைத்தே குலை நடுங்க வைக்கிறார், பேயை வைத்து என்ன செய்யமாட்டார் என்று சலூன்காரர் கேட்பார். இருட்டை அவர் மையைக் கொட்டி நிரப்பமாட்டார். மயிரிழை மயிரிழையாகக் கோடு போட்டே இருட்ட வைப்பார். முடியோடேயே காலம் தள்ளுகிறவருக்கு அந்தக் கோடுகளின் அருமை தெரியாமல் இருக்குமா? இன்னொன்று, அந்தப் புத்தகத்தில் சிவப்பு மை ஒருநாளும் கோட்டுக்குள் அடங்கி நின்றதில்லை. ஓர் அரிசி அகலத்துக்கு விலகியே விழும். அச்சகத்துக்காரனின் அலட்சியம் என்பார்கள் மற்றவர்கள். உயிர் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக நிற்பதைக் காட்ட இதைவிட வழி உண்டா என்பது சலூன்காரரின் கட்சி.

அவருடைய மனைவி இந்தக் கட்சியில் சேரவில்லை. சலூனுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், அவளுடைய தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். புத்தகங்கள் இருந்த தகரப்பெட்டி அவளுடைய காலுக்கடியில்தான் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவளுடைய அண்ணன் பழைய பேப்பர் வியாபாரி. தராசும் கைவண்டியுமாகத் தெருத்தெருவாகச் சுற்றுகிறவர். தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியை, பூனை மீன்காரியின் கூடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

பேயிடம் மசியாத ஆள் கடையில் ஒருவர்தான் உண்டு. வாரம் ஒருமுறை சவரத்துக்கு வரும் வழுக்கைத்தலைப் பெரியவர். முழு வழுக்கை. முதல் நாள் அவரிடமும் சலூன்காரர் மரியாதைக்காக ஒரு 'கருக்க'லை நீட்டினார். பெரியவர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, போதும் என்று காப்பியைத் திருப்பித் தருகிறவர்போல் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் பாத்தாச்சுப்பா." அட்டையைப் பார்த்தால் புத்தகத்தைப் பார்த்ததாகிவிடுமா? ரசனை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜென்மம் போலிருக்கிறது என்று சலூன்காரர் அன்றே முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் செய்தித்தாளின் காய்கறி விலைப் பக்கத்தைத்தான் கொடுப்பது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்கு ஒருநாள் தீயணைப்புக்காரர் ஒருவர் வந்தார். தலை முழுக்கச் சுருள்கம்பி. தொழிலே நெருப்புக்குள் நுழைவது என்பதால் ஆளுக்குப் பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. தலையில்லாத காவலாளியைப் படித்துக் கொட்டாவி விட்டார். ஆறுவிரல்காரனைப் படித்துவிட்டு, பாவம், கையுறை கிடைப்பது கஷ்டம் என்றார். ஒரு முடி அசையவில்லை. சலூன்காரருக்கு மானப்பிரச்சினை ஆகிவிட்டது. மனைவியின் காலை நகர்த்தச் சொல்லிப் பெட்டியின் அடியிலிருந்து, அதுவரை யாருக்கும் கொடுக்காத ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். 'ஈரக்கூந்தல்'.

பல்லியார் வரைந்ததிலேயே இதுதான் உச்சம் என்பது அவர் எண்ணம். படகு கவிழ்ந்து ஏரியில் போன ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கூந்தலோடு, சொட்டச்சொட்ட வீடு வீடாக வந்து நிற்பாள். என் சீப்பைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். பயந்துபோய் வீட்டுக்காரர்கள் தங்கள் சீப்பை நீட்டுவார்கள். தலையில் வைத்ததும் அதன் பற்கள் பொலபொலவென்று உதிரும். அவள் அடுத்த வீட்டுக்குப் போவாள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்தக் கூந்தல் இருக்கிறதே, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கட்டத்தின் கோட்டைத் தாண்டி, ஓரத்து வெள்ளையில் சொட்டும். புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரல் தன்னையறியாமல் விலகிக்கொள்ளும்.

சலூன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைசிப் பக்கத்தைக் கிழித்தார். தீயணைப்புக்காரர் படித்தார். சுருள்கம்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அப்படியொரு வெட்டை அவர் கைகள் அதற்குமுன் வெட்டியதில்லை. கடைசி வீட்டின் கதவு திறக்கிற இடத்தில் புத்தகம் நின்றது. முடியும் நின்றது. வெட்டி முடித்த பிறகும் நின்றது. ஈரத்துண்டு போட்டு அழுத்தினார், எண்ணெய் தடவினார், தலைகீழாக நின்று பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தீயணைப்புக்காரர் தமது இரும்புத்தொப்பியை மாட்டினார். அது தலைக்கு ஒரு சாண் மேலே, முக்காலிமேல் வைத்த பானைபோல் உட்கார்ந்தது. அப்படியே போனார்.

அடுத்து நாற்காலியில் உட்கார்ந்தது வழுக்கைத்தலைப் பெரியவர். சலூன்காரர் ஏதோ யோசனையில் அவர் கன்னத்து நுரையை வழித்து, கிழித்துவைத்த அந்தப் பக்கத்திலேயே துடைத்துக் கசக்கிப் போட்டார்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தால், காத்திருப்பவர்களின் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

யாரென்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கறுப்புக் கோடுகளால் ஆன பெண். அவளுடைய சிவப்பு, அவளைவிட்டு ஓர் அரிசி அகலம் தள்ளி உட்கார்ந்திருந்தது. கூந்தல் பெஞ்சிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, வாசற்படி வரைக்கும் போய்க்கிடந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த கண்ணாடியில் பெஞ்சு மட்டும் தெரிந்தது.

"என் சீப்பைப் பாத்தீங்களாண்ணே?" என்றாள்.

சலூன்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. கடையிலிருந்த எல்லாச் சீப்பையும் எடுத்து நீட்டினார். கதையில் வந்தபடியே பற்கள் உதிர்ந்தன. அவள் ஒவ்வொன்றையும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். நல்ல வளர்ப்பு.

கொஞ்சம் தைரியம் வந்ததும், ஏனம்மா இங்கே வந்தாய் என்று கேட்டார்.

"கதவு திறந்துச்சு. உள்ள காலை வெச்சேன். அதுக்கப்புறம் பக்கமே இல்ல. நேரா இங்க வந்து விழுந்தேன்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "முடிவு தெரியாம நான் எங்கண்ணே போறது?" என்றாள்.

மற்ற கதைகளிலும் கடைசிப் பக்கம் இல்லையே, அவர்கள் யாரும் வரவில்லையே என்று அவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"வந்திருக்காங்க. ரொம்ப நாளா வெளியிலதான் நிக்கிறாங்க. உள்ள வரக் கூச்சம்."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நுரைத்தாள் கூடையைக் கவிழ்த்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். நுரையும் முடித்துணுக்கும் சேர்ந்து கூழாகியிருந்தது. விரித்துப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள்தான் தேறின. மூலையில் பல்லி. நடுவில் ஒரு முறுக்கு மீசை. அந்தக் கதையில் மீசைக்காரர் யாரும் கிடையாது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அதன்பின் கடை கடையாக இல்லை. வெட்ட வருகிறவர்கள் பெஞ்சைப் பார்ப்பார்கள். முடி நின்றுகொள்ளும். வெட்டாமலே வெளியேறுவார்கள். முடி கீழே இறங்காது. கடைத்தெருவில் நடந்துபோனால் எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் துடைப்பத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் வந்தார்கள். தண்ணீர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமும் ஓடி, தைத்து அடுக்கியிருந்த துணிகளை நனைத்தது. மனைவி என்னவென்று பார்க்கத் திரையை விலக்கினாள். அவள் பயப்படவில்லை. ஆனால் இறுக்கிக் கட்டிய கொண்டையிலிருந்து ஊசிகள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் போய் எதிர்ச்சுவரில் குத்தி நின்றன. அதில்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

பேயிடம் ஒன்றும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழமை அண்ணன் வண்டியோட வருவாரு. அதுக்குள்ள ஒண்ணு இந்தப் பொண்ணு போகணும், இல்ல அந்தப் பெட்டி போகணும்."

"பெட்டி போனா..."

"கூழாக்கி அட்டை செய்வாங்க. செருப்பு வாங்கினா போட்டுக் குடுப்பாங்களே, அந்த அட்டை."

பல்லியாரின் கோடுகள் செருப்புப்பெட்டி ஆவதா? சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, புத்தகமும் போய்விட்டால் இந்தப் பெண் திரும்பிப் போக ஓர் அட்டைகூட மிஞ்சாது. ஊரில் பழைய புத்தகம் வைத்திருக்கிறவர்களையெல்லாம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். 'ஈரக்கூந்தல்' இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வழுக்கைத்தலைப் பெரியவர் வழக்கம்போல் சவரத்துக்கு வந்தார். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நிற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாததால் ஒன்றும் நிற்கவில்லை. செய்தித்தாளுக்குக் கை நீட்டியவர், காலில் ஈரம் பட்டதும் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நீரோட்டம் வந்த வழியே கூந்தலைப் பிடித்து மேலே மேலே பார்த்துக்கொண்டு போய், அவள் முகத்தில் வந்து நின்றார்.

"உன் வலது காது எனக்குக் கடைசி வரைக்கும் சரியா வரலம்மா," என்றார்.

சலூன்காரர் கையிலிருந்த கிண்ணம் நழுவியது. இத்தனை காலமாக எந்த முகத்தில் நுரை தடவினார், யாரிடம் காய்கறி விலைப் பக்கத்தைக் கொடுத்தார் என்பது அவருக்கு மெல்லமெல்ல உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் திறந்து, யாருக்கும் போடாத புதுத்துண்டு ஒன்றை எடுத்து வந்து அவர் தோளில் போர்த்தினார்.

பல்லியாருக்குக் கூச்சமாகிவிட்டது. தலை எப்படி இப்படி ஆனது என்று சலூன்காரர் தொழில்முறையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். "வாரா வாரம் இவங்களை வரையும்போது எனக்கும்தான் நிக்கும். எவ்வளவு நாள்தான் நிக்கும் பாவம். கால் வலிச்சுக் கிளம்பிப் போயிருச்சு."

சலூன்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கிழித்ததைச் சொன்னார், முகம் திருப்பிக்கொண்டதைச் சொன்னார். பல்லியார் வரைந்த தாளிலேயே பல்லியாரின் கன்னத்து நுரையைத் துடைத்ததையும் சொன்னார்.

பல்லியார் கோபப்படவில்லை. "நல்ல காரியம் செஞ்சே. அந்தப் பக்கங்களுக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடைச்சிருக்காது."

பிறகு அவரைக் கண்ணாடிப்பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார். பேய் நிஜம் என்று கதையை முடித்தால் எந்த வீட்டிலும் புத்தகம் வாங்கவிடமாட்டார்கள் என்பது பத்திரிகை முதலாளியின் பயம். அதனால் கடைசிப் பக்கத்தில் மட்டும் எல்லாப் பேயும் வேஷம் கலைய வேண்டும். தலையில்லாத காவலாளி, கம்பளிக்கோட்டைத் தலைக்கு மேலே இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்ட கள்ளக்கடத்தல்காரன். ஆறாவது விரல் மெழுகு.

"அப்ப இவ?"

"சித்தப்பா," என்றார் பல்லியார், தரையைப் பார்த்தபடி. "சொத்துக்காக விக் வெச்சுக்கிட்டு வந்த சித்தப்பா. மீசையைக்கூட எடுக்கல. முதலாளி அவசரப்படுத்திட்டாரு."

சலூன்காரருக்கு முறுக்கு மீசை விளங்கியது.

அவளிடம் இதைச் சொன்னால் அந்த நிமிஷமே போய்விடுவாள், போவதென்ன, இருந்திருக்கவே மாட்டாள் என்றார் பல்லியார். சொல்வதும் சொல்லாததும் கடைக்காரர் பாடு.

தெருமுனையில் கைவண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. திரையை ஒதுக்கிக்கொண்டு மனைவி வந்து நின்றாள். பெட்டியைத் தயாராக வாசலுக்கு இழுத்துவிட்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. சித்தப்பா. சொன்னால் பெட்டி பிழைக்கும், கடை பிழைக்கும், ஊர்த்தலைகளெல்லாம் படியும்.

"என்ன சொல்றாருண்ணே அவரு?" என்றாள் பெஞ்சிலிருந்து. "என் முடிவு அவருக்குத் தெரியுமாம்மா?" என்று சலூன்காரரின் மனைவியையும் கேட்டாள். மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பெண்போல் உட்கார்ந்திருந்தாள். பல்லியார் ஒவ்வொரு மயிரிழையாகப் போட்ட அவ்வளவு கோடும் லேசாக நடுங்கியது.

சலூன்காரர் நாற்காலியைத் துணியால் தட்டினார்.

"பெரியவருக்கு மறந்துபோச்சும்மா," என்றார். "நீ இங்க வந்து நாற்காலியில உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். இழுப்பறையில் பூட்டிவைத்திருந்த அவருடைய சொந்தச் சீப்பு, கொம்பினால் செய்தது, அதை எடுத்தார். எடுக்கும்போதுதான் அவருக்கு அது பளிச்சென்று உறைத்தது. கதையில் வீட்டுக்கு வீடு சீப்பைத்தான் கொடுத்தார்களே தவிர, ஒருவர்கூட அவளுக்குத் தலை வாரிவிடவில்லை. அவளும் பாவம், ஈரமுடியை உச்சியிலிருந்து இழுத்தாள். ஈரச்சிக்கை உச்சியிலிருந்து இழுத்தால் இரும்புச்சீப்புக்கும் பல் நிற்குமா? நுனியிலிருந்தல்லவா எடுக்க வேண்டும்.

ஆனால் நுனி வாசலில் இருந்தது. சலூன்காரர் அங்கே போய்க் குந்தினார். இடதுகையால் மேலே இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியில் ஒரு விரல் அளவுக்கு வாரினார். சிக்கு விட்டது. பல் எதுவும் உதிரவில்லை. இன்னும் ஒரு விரல் மேலே போனார். வாரிய முடி மறுபடியும் தரை ஈரத்தில் புரண்டது.

"அதை யாராவது தூக்கிப் பிடிக்கணும்," என்றார்.

மனைவி கொஞ்ச நேரம் இடுப்பில் கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, துணிக்கட்டைச் சுமப்பதுபோல் கூந்தலைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். "பொண்ணாப் பொறந்தா இவ்வளவு முடியைக் காயவெக்காம வீடு வீடா அலையிறதா? தலைவலி வராது?" என்று அவளைத் திட்டத் தொடங்கினாள். திட்டு வாங்கியவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

அதற்குள் கைவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பேப்பர் வியாபாரி தராசோடு உள்ளே காலை வைத்தார். வைத்த காலை எடுப்பதற்குள் தங்கை அவர் கையில் கூந்தலின் நுனியைக் கொடுத்து, அண்ணா இதைத் தரையில் படாமல் பிடித்துக்கொள், கேள்வி அப்புறம் கேள் என்றாள். அவர் வாயைத் திறந்தவர் திறந்தபடியே, வெயிலில் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, நுனியைத் தராசுத்தட்டில் வைத்துக் காயவிட்டார்.

பல்லியார் சும்மா நிற்கவில்லை. சுவரிலிருந்து பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினார். கடையிலிருந்த நரைச்சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டார். சிவப்புக்கு, தையல் எந்திரத்தின் மேலிருந்த, துணியில் கோடு போடும் சிவப்புச் சாக்கட்டி கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி நாற்காலியைப் பார்த்தார். வரையத் தொடங்கினார். கை நடுங்கும் வயதுதான். தாளைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. சலூன்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு விரல் மேலே வாரினார்.

நுனியிலிருந்து உச்சிக்கு வந்து சேர மத்தியானம் ஆயிற்று. சொட்டுவது நின்றிருந்தது. சலூன்காரர் நெற்றியில் நேர்வகிடு எடுத்துவிட்டு, கடைசியாக ஒரு வாரு வாரி, எதிரே இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தார். கண்ணாடியில் நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் அவள் தெரிந்தாள்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாருக்குண்ணே."

பல்லியார் தாளை நீட்டினார். ஒரே ஒரு கட்டம்தான், தாள் முழுவதும். கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஒரு சலூன். நாற்காலியில் ஒருத்தி முக்கால் முகம் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பின்னால் ஒருவர் சீப்போடு. கூந்தல் வாசல் வழியே வெயிலுக்குள் போய்க் காய்கிறது. சிவப்பு அப்போதும் ஓர் அரிசி அகலம் தள்ளியே இருந்தது. அது வேண்டுமென்று போட்டதா என்று சலூன்காரர் கிசுகிசுத்தார். "அந்தக் காலத்துல அது அச்சகத்துக்காரன் தப்புதான்," என்றார் பல்லியார். "ஆனா அவ அதுக்குப் பழகிட்டா. இப்ப போய் எதுக்கு மாத்தணும்?"

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். தன் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தாளிலும் அது சரியாக வந்திருந்தது. நிமிர்வாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் வெறும் துணிதான் இருந்தது. தரை உலர்ந்திருந்தது. கொம்புச்சீப்பைக் காணோம். அதில் சலூன்காரருக்கு வருத்தமில்லை.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். "உங்க வயித்தைக் குறைச்சுப் போட்டிருக்காரு," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைக் காலால் நெட்டி, திரைக்கு உள்ளே பழைய இடத்துக்கே தள்ளினாள். கொண்டை ஊசி மட்டும் புதிதாக வாங்கித் தரவேண்டும் என்றாள். அவளுடைய அண்ணன் பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெளியே வண்டிமேல் உட்கார்ந்து, தலைமுடி வானத்தைப் பார்க்க, ஆறுவிரல் பியானோக்காரனைப் படித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தீயணைப்புக்காரர் வந்தார். தொப்பி இன்னும் ஒரு சாண் மேலேயே இருந்தது. சலூன்காரர் 'ஈரக்கூந்த'லை எடுத்து, புதுக் கடைசிப் பக்கத்தைச் சேர்த்துத் தைத்து அவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது மனசுக்குள் ஓர் உதைப்பு. இனி எல்லோரும் பழையபடி "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டு, பாதி வெட்டில் முடியைப் படுக்கப்போட்டுவிடுவார்களே.

தீயணைப்புக்காரர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பெருமூச்சு வரவில்லை. தலையில் நின்ற சுருள்கம்பிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தங்கள் வளைவுக்குத் திரும்பின. தொப்பி மெல்ல இறங்கித் தலையில் உட்கார்ந்தது. ஆனால் அவருடைய இரண்டு கைகளிலும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், ரோமம் எழுந்து நின்றது.

"பயமா?" என்று சலூன்காரர் கேட்டார்.

"இல்லங்க," என்றார் அவர். "பயமெல்லாம் இல்ல." புத்தகத்தை மூடி, மறுபடியும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சலூன்காரரும் அவர் தோளுக்கு மேலாக, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தம் கைகளையும் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது பெஞ்சு நிரம்பியிருந்தது. கூச்சம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது. பல்லியார் சாயக் கிண்ணத்தோடு முன்கூட்டியே வந்து ஓரத்தில் இடம் பிடித்திருந்தார். முதலில் எழுந்தது ரயில்வே காவலாளி. கோட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறி எடுத்துக்கொண்டு போனார். அதை எங்கே கட்டுவது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வந்தது.